நான் நிதானமான பெரியவள்

எனக்குக் கோபம் வரும். வந்தால் வீடு கொள்ளாது. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்புக்குள் பேச்சு அடங்கிவிடும். வீட்டிலும் அப்படித்தான். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர், சமையலறையில் நான் பாத்திரம் வைக்கிற சத்தத்தைக் கேட்டே அன்றைக்கு வாயைத் திறக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வார். ஒருமுறை உக்கடம் போகிற டவுன் பஸ்ஸில், பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியை இடித்துக்கொண்டே நின்ற ஆளைக் குடையால் நாலு போடு போட்டு, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறக்கிவிட்டேன். லீவுக்கு என் வீட்டில் வந்து தங்கியிருந்த என் தம்பி மகள் அப்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது இருக்கும். காங்கேயத்துக்குத் திரும்பிப் போனதும் அதை அப்படியே நடித்துக் காட்டி வீட்டையே சிரிக்க வைத்தாளாம்.

ஐம்பதைத் தாண்டியபோது எனக்கு ஓர் ஆசை வந்தது. பெரியவள் ஆக வேண்டும். வயதைச் சொல்லவில்லை, அது கேட்காமலே வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அவளுடைய உடன்பிறந்தவன் எழுதிங்கள் சீர் என்று ஒன்று செய்து வைப்பான். அது முடிந்த பிறகுதான் அவள் அருமைக்காரி. கல்யாண வீட்டில் சீர்களைத் தன் கையால் தொட்டு நடத்தும் உரிமை அவளுக்கு அதற்குப் பிறகுதான் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் தம்பி எனக்கு அதைக் குறைவில்லாமல் செய்து வைத்தான். சீர் ஆனால் போதுமா? கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். மஞ்சளையும் அரிசியையும் கையில் கொடுத்தார்கள். ஆனால் குடும்பத்தில் ஒரு சிக்கல், நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்றால் மட்டும் எனக்குச் சொல்லியனுப்ப மாட்டார்கள். "டீச்சரக்கா வந்தா ஒண்ணா இருக்கறதும் ரெண்டாப் போயிருமுங்க" என்று என் சித்தப்பா மகன் என் காதுபடவே சொன்னான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதற்கு முந்தைய தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் நான் பேசிய பேச்சில் மாப்பிள்ளையின் மாமன் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து போயிருந்தார்.

அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் என்னோடு வேலை பார்த்த சயின்ஸ் டீச்சர் என்னை ஒரு வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடத்தினார். மனதுக்கு நாம் எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோமோ அதுவாகவே நாம் ஆகிவிடுவோம் என்றார். அதற்கு உறுதிமொழி என்று பெயர். ஆக வேண்டும் என்று எழுதக் கூடாது, ஆகிவிட்டேன் என்றே எழுத வேண்டும். நாளைக்கு என்று சொன்னால் மனது நாளைக்கே தள்ளிவைத்துவிடுமாம். காலையில் பல் தேய்த்ததும், எதுவும் குடிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வாக்கியத்தையும் இருபத்தோரு தடவை எழுதிவிட்டு, கண்ணாடியைப் பார்த்து ஒரு தடவை உரக்கச் சொல்ல வேண்டும்.

நான் எழுதியவை நாலு வாக்கியங்கள். நான் நிதானமான பெரியவள். நான் இரண்டு பக்கமும் கேட்கிறேன். என் கோபம் என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. என் சொல்லால் குடும்பங்கள் ஒன்று சேர்கின்றன. கடைசி வாக்கியத்தை வாசித்துவிட்டு அந்தப் பாங்க்காரர், "அம்மா, இது ரொம்ப உயர்வா இருக்குது" என்று மற்றவர்களுக்கும் படித்துக் காட்டினார். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

என் கணவருக்கு இது நல்ல வேடிக்கையாகப் போயிற்று. பீரோ கண்ணாடி முன்னால் நின்று நான் நிதானமான பெரியவள் என்று நான் சொல்கிறபோது, பின்னால் நாற்காலியில் இருந்து, "ஆருங்க அது, புதுசா நம்மூட்டுக்கு வந்திருக்கறது?" என்பார். ஒரு வருஷம் முன்னால் என்றால் சீப்பு பறந்திருக்கும். நான் மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் உண்மையிலேயே பயந்துபோய்ப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். பால்காரரும் அப்படித்தான். பாலில் தண்ணீர் என்று நான் சத்தம் போடாமல் "பரவாயில்லீங்க" என்று சொன்ன அன்று மிரண்டுபோனார். ஒரு வாரம் சொம்பில் ஏடு கட்டுகிற பால் வந்தது. பிறகு என் நிதானம் நிஜம்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததைப் பால் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் உறுதிமொழி வேலை செய்தது. அதை இல்லை என்று சொன்னால் பொய். ஒரு வருஷத்தில் என் குரல் தணிந்தது. காங்கேயத்தில் என் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் இருவருக்குள் கிணற்றுத் தண்ணீர் முறை வைப்பதில் தகராறு வந்தபோது, தற்செயலாக அங்கே போயிருந்த நான் இருவரையும் உட்கார வைத்துப் பேசி, யார் எந்த நாளில் இறைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அது நிலைத்தது. அடுத்த தடவை அவர்களாகவே கூப்பிட்டார்கள். ஆண்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார்கள். என் அம்மா கடைசி வரைக்கும் அப்படி நின்றவள்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

என் தம்பி மகளுக்கு அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது. பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். மாப்பிள்ளை வீடு கொடுமுடிப் பக்கம், காவிரிப் பாசனம், மஞ்சளும் கரும்பும். ஒரே பையன். சீர்களை நான்தான் முன்னால் நின்று நடத்தினேன். கல்யாணத்தன்று அவள் தலையில் அரிசி போட்டு வாழ்த்தியதில் முதல் கையும் என்னுடையதுதான்.

பதினாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் தனியாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு வயர்கூடை. ஈரோட்டுக்கு வந்து, அங்கிருந்து கோயமுத்தூருக்குப் பஸ் பிடித்திருக்கிறாள். காங்கேயத்தில் இருக்கிற அப்பாவிடம் போகாமல் இவ்வளவு தூரம் எதற்கு வந்தாள் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

"ஏங் கண்ணு, மாப்ள வரலையா?"

"இல்லீங்க அத்தை. நாந்தானுங்க வந்தேன்."

சாப்பாடு போட்டேன். பாதிதான் சாப்பிட்டாள். என் கணவர் படுக்கப் போன பிறகு சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்று, பாத்திரங்களை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டே பேசினாள். "அவரு கொஞ்சம் கோவக்காரருங்க அத்தை. கை நீட்டறாருங்க." எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு குறை உண்டு. எதைச் சொன்னாலும் ஒரு 'ங்க' போட்டுச் சொல்கிறோம். அடித்தவனுக்கும் மரியாதை, அவன் அடித்த அடிக்கும் மரியாதை. காப்பியில் சர்க்கரை குறைவு என்று சொல்கிற அதே குரலில் அவள் இதைச் சொன்னாள். நானும் அதே குரலில், "எல்லா ஊட்லயும் இருக்கறதுதான் கண்ணு" என்றேன்.

அவள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி நின்று, முந்தானையை இறக்கி, ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

முதுகில் பெல்ட்டால் அடித்த தடங்கள். நான் கணக்கு டீச்சர், என்னை அறியாமலே எண்ணிவிட்டேன். ஏழு. இரண்டு மஞ்சளாகிப் பழசாக இருந்தன. மற்றவை புதியவை. பெல்ட்டின் பக்கிள் பட்ட இடத்தில் தோல் கிழிந்து பொருக்கு கட்டியிருந்தது.

கோபம் வந்தது. எனக்குத் தெரிந்த கோபம்தான். வயிற்றிலிருந்து கிளம்பித் தோளுக்கு வந்து கைக்கு இறங்குகிற அந்தக் கோபம். அடுத்த நிமிஷம் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கொடுமுடி பஸ் ஏறியிருக்க வேண்டும். அதற்குள் என் மனது தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டது. என் கோபம் என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. நான் இரண்டு பக்கமும் கேட்கிறேன். மூன்று தடவை சொல்லியிருப்பேன். கோபம் அடங்கிவிட்டது.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதுகு கிழிந்த ஒரு பெண்ணை முன்னால் வைத்துக்கொண்டு, ஆகா, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய சோதனையிலும் தேறிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு தேங்காயெண்ணெய் எடுத்து அந்த ஏழு தடங்களிலும் தடவிவிட்டேன். "பெரியவங்க பேசி முடிச்சுக்கலாம் கண்ணு. நான் இருக்கறேன்" என்றேன். அவள் ரவிக்கையை இறக்கிக்கொண்டு சரிங்க என்றாள்.

அடுத்த வாரம் தம்பி வீட்டில் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா, அவருடைய மைத்துனர், மாப்பிள்ளை, மூன்று பேர் காரில் வந்திறங்கினார்கள். எங்கள் பக்கம் தம்பி, சித்தப்பா மகன், நான், என் கணவர். தம்பி மனைவியும் மகளும் உள்ளே. தண்ணீர்ச் சொம்பு கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் தொடவில்லை. பேச்சு முடிகிற வரைக்கும் கை நனைக்கக் கூடாது என்பது வழக்கம். உள்ளே சமையல் நடந்துகொண்டிருந்தது. பருப்புக் கொதிக்கிற வாசம் கூடத்துக்கு வந்தது. சமையல் ஆறுவதற்குள் இவர்களைக் கை நனைக்க வைத்துவிட வேண்டும் என்பதே என் நினைப்பாக இருந்தது. உள்ளே இருக்கிற பெண்ணைப் பற்றி நான் அவ்வளவு யோசித்தேனா என்று இப்போது கேட்டால், இல்லை.

மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணை நிமிர்த்தவே இல்லை. அவன் அப்பா என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"டீச்சருங்க இருக்கறப்ப எங்களுக்கு ஒண்ணும் பயமில்லீங்க. நீங்க நிதானமாப் பேசறவிங்கன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தோமுங்க."

அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். மாப்பிள்ளையைப் பார்த்து மெதுவாகக் கேட்டேன். "என்ன நடந்துச்சு, நீங்களே சொல்லுங்க மாப்ள."

"ஒரு தடவ கை நீட்டிப்போட்டேனுங்க. தப்புதானுங்க."

ஒரு தடவை. ஏழு எண்ணியவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறந்து ஏழு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சித்தப்பா மகன் முன்னால், சம்பந்திகள் முன்னால், ஒரு பெண்ணின் முதுகைப் பற்றிப் பேசுவது அவளுக்கே கூச்சமாக இருக்கும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். பேச்சு கெட்டுவிடும் என்பதுதான் உண்மையான காரணம். நான் கெடுத்துவிட்டேன் என்று மறுபடியும் சொல்லிவிடுவார்கள்.

"இனிமே?" என்று கேட்டேன்.

"நடக்காதுங்க."

"பொண்ணு வந்து ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார் என் கணவர். அவர் இப்படிப்பட்ட இடத்தில் பேசுகிற ஆளே இல்லை. நான் திரும்பி அவரைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டேன். எங்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கறா, நான் பாத்துக்கறேன் என்கிற அர்த்தத்தில். அவர் அடங்கிவிட்டார்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. எல்லோரும் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்கள். பந்தி போட்டார்கள். மாப்பிள்ளைக்கு அவளையே பரிமாறச் சொன்னேன், அதுவும் நான்தான். குனிந்து சாதம் போடும்போது முதுகு இழுத்திருக்க வேண்டும், ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டுப் பிறகு போட்டாள். புறப்படும்போது அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டேன். "தைரியமாப் போ அம்மணி. இனி ஒண்ணும் ஆகாது."

"வாரேனுங்க அத்தை" என்றாள். முகத்தில் எதுவும் இல்லை. கார் கதவை மாப்பிள்ளை திறந்துவிட்டதைப் பார்த்து என் தம்பி மனைவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில், பல்லடம் தாண்டிய பிறகு என் கணவர் கேட்டார். "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏனுங்க?"

"இல்ல, உன்ற குரலே இல்லையே அது. வேற ஆரோ பேசற மாதிரி இருந்துச்சு."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை என் சொல்லால் குடும்பங்கள் ஒன்று சேர்கின்றன என்று இருபத்தோரு தடவை எழுதும்போது, எழுத்து முத்து முத்தாக விழுந்தது.

மூன்று மாதம் போனது. நடுவில் இரண்டு தடவை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். எப்படி இருக்கறே என்றால் நல்லா இருக்கறனுங்க. மாப்ள எப்படி என்றால் நல்லா இருக்கறாருங்க. இதைவிட என்ன வேண்டும் எனக்கு. பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லி, உறுதிமொழி வகுப்பில் அவளையும் சேர்த்துவிட்டேன்.

ஒரு புதன்கிழமை காலை தம்பி போன் செய்தான். அழுகையில் பாதி புரியவில்லை. மாப்பிள்ளை அவளை மண்வெட்டிப் பிடியால் அடித்திருக்கிறான். எதற்கு என்று கேட்டால், சாப்பாடு கொண்டுபோக நேரமாகிவிட்டதாம். தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் இரண்டு பேர் அவளைத் தூக்கி ஒரு வேனில் போட்டு ஈரோட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மாமனார் வீட்டில் இருந்து ஒருவரும் கூடப் போகவில்லை. ஈரோட்டில் பார்த்துவிட்டு கோயமுத்தூருக்கு அனுப்பியிருந்தார்கள். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இடது காதின் சவ்வு கிழிந்து, அந்தக் காது இனிமேல் கேட்காது என்றார் டாக்டர். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது. உறிஞ்சுகுழலில் கஞ்சித் தண்ணீர்தான்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். முகம் வீங்கி, யாரோ போல் இருந்தாள். அழுதேன். கத்தினேன். அந்தக் கோபம் முழுக்கத் திரும்ப வந்தது. அவனை வெட்டிப்போடுவேன், அவன் குடும்பத்தைத் தெருவுக்கு இழுப்பேன் என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூச்சல் போட்டேன். நர்ஸ் வந்து, "அம்மா, வெளில போங்க, பேஷண்டுக எல்லாம் பயந்துக்கறாங்க" என்றாள். தம்பி மனைவி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பேச முடியாத என் தம்பி மகள் எழுதிக் காட்டுவதற்காக வீட்டிலிருந்து தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பின்பக்கம் வெற்றாக இருக்கும். தண்ணி, வலி, பெட்பான், இவற்றைத்தான் அதுவரை அதில் எழுதியிருந்தாள். நான் அடங்கிய பிறகு பென்சிலை எடுத்து மெல்ல எழுதி என்னிடம் நீட்டினாள்.

"அப்பா திருப்பி அனுப்பிச்சிருவாருன்னு தெரியுமுங்க அத்தை. நீங்க பஸ்ல குடையால அடிச்ச மாதிரி சத்தம் போடுவீங்கன்னுதானுங்க உங்ககிட்ட வந்தேன்."

நான் அந்தத் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய், மாடிப்படியில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் எனக்குச் சொந்தமாக இருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அதைக் கேட்டு ஒருத்தி வந்தாள். நான் அதை விரட்டிவிட்டு, வெறுங்கையோடு அவளுக்கு எண்ணெய் தடவி அனுப்பியிருக்கிறேன். வகுப்பு நடத்திய மனிதரைத் திட்ட எனக்கு மனமில்லை. அவருக்கு இதெல்லாம் தெரியாது. வாக்கியங்களை எழுதியவள் நான். பெரியவள் என்றால் சத்தம் போடாதவள் என்று முடிவு செய்தவளும் நான்தான்.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. கேஸ் கீஸ் என்று போக வேண்டாம், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார்கள். யாரை வைத்துப் பேசுவது என்பதையும் அவர்களே சொல்லியனுப்பியிருந்தார்கள். "அந்த டீச்சரம்மாவ வெச்சே பேசிக்கலாமுங்க. அவிய நாயமானவிய." தம்பி இதை என்னிடம் சொன்னபோது அவனுக்கும் பாதி மனது அந்தப் பக்கம் இருந்தது தெரிந்தது. பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது, கோர்ட்டு வாசலில் நின்றால் பிறகு என்ன ஆகும் என்று புலம்பினான்.

"பேச்சு இல்ல. போலீசுல எழுதித்தான் குடுக்கறோம்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அவன் மறுத்துப் பேசவில்லை.

மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் இருந்த இன்ஸ்பெக்டர் அம்மா, அவள் பேச முடியாததால் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். கூடவே, முன்னால் நடந்ததைத் தெரிந்தவர்கள் யாராவது ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார். தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரியிலேயே, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் தாளை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். பேச்சு நடந்தது, அவர்கள் வந்தது, அவன் ஒப்புக்கொண்டது, எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். நான்தான் முன்னால் நின்று அவளைத் திருப்பி அனுப்பினேன் என்பதையும் எழுதினேன்.

தம்பி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். "அத எதுக்கக்கா எழுதற? அவந்தான அடிச்சான். நீ அனுப்பிச்சேன்னு எழுதுனா நம்மளையே கேப்பாங்க. சாதிசனத்துல இனி ஒருத்தனும் உன்னையச் சீருக்குக் கூப்பிட மாட்டான்."

அவன் சொன்னபடியேதான் நடந்தது. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் என் கையில் மஞ்சள் அரிசி கொடுத்து முன்னால் நிறுத்தவில்லை. குடும்பத்துப் பெண்ணை ஸ்டேஷனுக்கு ஏற்றியவள் என்று பெயர் வந்தது. நாற்காலியும் போயிற்று. அன்று அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. எழுதினது இருக்கட்டும் என்றேன். அப்படிச் சொன்னபோது உள்ளுக்குள் மறுபடியும் ஒரு பெருமை தலையைத் தூக்கியது. பார், தப்பை ஒப்புக்கொள்கிற தைரியம் எனக்கு இருக்கிறது என்று.

அந்தப் பெருமையோடுதான் அடுத்த வரியையும் எழுதினேன். 'அவள் எவ்வளவு துன்பப்பட்டாள் என்ற முழு விவரம் அப்போது எனக்குத் தெரியாது.'

எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் இன்று வரைக்கும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. கை தானாக எழுதியது, நானும் நம்பினேன்.

படித்துப் பார்க்கும்படி அவளிடம் கொடுத்தேன். தலையணையில் சாய்ந்து, தாளை முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். பென்சிலை எடுத்து அதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். அவசரமில்லாமல், நேராக. பிறகு ஓரத்தில் சின்னதாக எழுதினாள்.

"காட்டினேனுங்களே அத்தை."

தம்பி என்ன எழுதினாள், என்ன எழுதினாள் என்று கேட்டான். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்தாளா என்று கேட்டால், இல்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

வேறு தாள் எடுத்தேன். என் தம்பி மகள் எங்கள் வீட்டுச் சமையலறையில் கதவைச் சாத்திவிட்டுத் தன் முதுகை எனக்குக் காட்டினாள் என்று எழுதினேன். ஏழு காயங்கள் இருந்தன, நான் எண்ணினேன். பேச்சு நடந்த அன்று அதை யாரிடமும் சொல்லவில்லை. பார்த்துவிட்டு, தெரிந்தேதான் அவளை அந்த வீட்டுக்கு அனுப்பினேன். கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் அதை வாங்கி முதலிலிருந்து படித்தாள். இந்த முறை பென்சிலை எடுக்கவில்லை.